பாதி மேற்கோளோடு நிற்கும் வாதங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உபதேசத்துக்கு ஆதாரம் வேதாகமமா, திருச்சபைப் பாரம்பரியமா என்று கிறிஸ்தவர்களுக்குள் வாதம் எழும்போதெல்லாம் அது ஐந்தாறு வசனங்களைச் சுற்றியே நடந்து முடிகிறது. ஒருவர் 2 தீமோத்தேயு 3:16-ஐ எடுப்பார். மற்றவர் 2 தெசலோனிக்கேயர் 2:15-ஐ எடுப்பார். ஒருவர் மாற்கு 7-ஆம் அதிகாரத்தைக் காட்டி, மனுஷருடைய பாரம்பரியத்தை ஆண்டவரே கண்டித்தார் என்பார். எதிரில் இருப்பவர் 1 தீமோத்தேயு 3:15-ஐக் காட்டி, சத்தியத்துக்குத் தூணும் ஆதாரமும் சபைதானே என்பார். இரு பக்கமும் வசனம் இருப்பதால் வசனங்களை எண்ணித் தீர்ப்புச் சொல்ல வழியில்லை. ஒவ்வொரு வசனமும் எதுவரை சொல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்று பார்த்தால் சண்டையில் பெரும்பகுதி கரைந்துவிடும். கரையாமல் மிஞ்சுவது உண்மையான வேறுபாடு. அதை மழுப்பாமல் பேச வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் 2 தீமோத்தேயு. 16-ஆம் வசனத்தை மட்டும் படிக்காமல் 15-லிருந்து 17 வரை படியுங்கள். தீமோத்தேயு சிறுவயது முதல் அறிந்த வேத எழுத்துக்கள் என்று பவுல் குறிப்பிடுவது பழைய ஏற்பாட்டை. புதிய ஏற்பாடு அப்போது முழுமையாக எழுதப்படவே இல்லை. "வேதம் மட்டுமே" என்பதில் உள்ள "மட்டுமே" இந்த வசனத்தில் கிடையாது. அதை இங்கேயே நிரூபித்துவிட்டதாகச் சொல்லும் புரொட்டஸ்டண்ட் நண்பர் வசனம் போகாத தூரத்துக்குப் போகிறார். ஆனால் "இது பழைய ஏற்பாட்டைப் பற்றியது, ஆகையால் வாதத்துக்கு உதவாது" என்று ஒதுக்குகிறவரும் 17-ஆம் வசனத்தை விட்டுவிடுகிறார். தேவனுடைய மனுஷன் தேறினவனாகவும் எந்த நற்கிரியைக்கும் தகுதியுள்ளவனாகவும் ஆவதற்கு வேத எழுத்து போதிய கருவி என்பது அங்கே தெளிவாக இருக்கிறது.

2 தெசலோனிக்கேயர் 2:15 "வார்த்தையினாலாவது நிருபத்தினாலாவது" உபதேசித்தவற்றைக் கைக்கொள்ளச் சொல்கிறது. அப்போஸ்தலர் வாய்மொழியாகப் போதித்தது எழுதியதற்குச் சமமான அதிகாரம் உடையது என்பதில் எந்தச் சபைக்கும் மறுப்பில்லை. அப்போஸ்தலர் மறைந்த பிறகு அந்த வாய்மொழிப் போதனை எங்கே இருக்கிறது? எழுதப்பட்டதில் இல்லாத சங்கதி எதுவும் அதில் இருந்ததா? இருந்திருந்தால் அதை இன்று எந்த அடையாளத்தால் கண்டுபிடிப்பது? இந்த மூன்றுக்கும் வசனம் பதில் சொல்லவில்லை. மாற்கு 7-லும் எல்லை உண்டு. அங்கே கண்டிக்கப்படுவது கொர்பான் வழக்கம்: தாய் தகப்பனுக்குச் சேர வேண்டியதைக் காணிக்கை என்று அறிவித்து, தேவகட்டளையை அவமாக்கும் பாரம்பரியம். பாரம்பரியம் முழுவதும் கண்டிக்கப்பட்டிருந்தால் 1 கொரிந்தியர் 11:2-ல் பவுல், தாம் ஒப்புவித்தபடி கைக்கொண்டதற்காகச் சபையைப் புகழ்ந்திருக்க மாட்டார். பெரோயா ஊரார் (அப்போஸ்தலர் 17:11) பவுலின் பிரசங்கத்தைத் தினந்தோறும் வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினார்கள். அவர்கள் ஒப்பிட்டு ஏற்றுக்கொண்டது அதுவரை எழுதப்படாத வாய்மொழிச் செய்தி என்பதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது.

வசனங்களைப் போலவே திருச்சபைப் பிதாக்களையும், அதாவது ஆதிச்சபையின் போதகர்களையும், பாதியாக வெட்டி எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எருசலேமின் சிரில் சுமார் 350-இல் ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமானவர்களுக்கு நடத்திய வகுப்புகளில் நான்காவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் 17-ஆம் பத்தியில், தாம் சொல்வதற்கு வேத எழுத்திலிருந்து நிரூபணம் கிடைக்காவிட்டால் தம்மையும் நம்ப வேண்டாம் என்கிறார். புரொட்டஸ்டண்ட் நூல்களில் இது தவறாமல் இடம்பெறும். அதே வகுப்பின் 33-ஆம் பத்தியில், எவை வேத நூல்கள் என்பதைத் திருச்சபையிடம் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். கத்தோலிக்க நூல்களில் இது இடம்பெறும். இன்னும் சில பத்திகள் தள்ளி அவர் தரும் புதிய ஏற்பாட்டுப் பட்டியலில் வெளிப்படுத்தின விசேஷம் இல்லை. இதை இரு தரப்பும் எடுத்துக் காட்டுவதில்லை. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் நான்காம் நூற்றாண்டின் ஆயர் ஒருவர் உண்மையில் எப்படி நினைத்தார் என்று புரியும். உபதேசத்துக்கு நிரூபணம் வேதத்திலிருந்து வரவேண்டும். அந்த வேதத்தைக் கையில் கொடுப்பது சபை. எந்த நூல் வேதம் என்பதிலோ இன்னும் சில ஓரங்கள் முடிவாகாமல் இருந்தன.

அகஸ்டினுக்கும் இதே கதி. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரம் தம்மைத் தூண்டியிராவிட்டால் சுவிசேஷத்தை நம்பியிருக்க மாட்டேன் என்று மனிகேயருக்கு (ஒளி, இருள் என இரு ஆதிசக்திகளைப் போதித்தவர்களுக்கு) எதிராக சுமார் 397-இல் எழுதினார். அதே அகஸ்டின் பிற்காலத்தில் குமாரன் பிதாவுக்குச் சமமல்ல என்ற ஆரியஸின் கொள்கையைப் பின்பற்றிய மாக்சிமினுக்குப் பதில் எழுதியபோது, நான் என் தரப்பு ஏற்கும் நிசேயா ஆயர் சங்கத்தையும் நீ உன் தரப்பு ஏற்கும் அரிமினம் சங்கத்தையும் காட்டி ஒருவரையொருவர் கட்டிப்போட வேண்டாம், இருவருக்கும் பொதுச் சாட்சியான வேதவாக்கியங்களைக் கொண்டு வாதிடுவோம் என்றார். மனிகேயரிடம் அவர் பேசியது சுவிசேஷத்தை எங்கிருந்து பெற்றோம் என்பது பற்றி. மாக்சிமினிடம் பேசியது, இரண்டு சங்கங்கள் முரண்படும்போது எதை வைத்துத் தீர்ப்பது என்பது பற்றி. இரண்டையும் ஒரே கேள்வியாக்கினால் அகஸ்டின் தமக்கே முரண்பட்டவராகத் தோன்றுவார்.

பாரம்பரியத்தின் பலத்தை அறிய லியோன் நகர ஆயர் ஐரேனியஸிடம் போக வேண்டும். சுமார் 180-இல் அவர் எதிர்கொண்ட ஞானவாதிகள் (இரகசிய ஞானத்தால்தான் மீட்பு என்றவர்கள்) வேதத்தைச் சிதைத்துப் பொருள் சொன்னார்கள். வேதத்தைக் காட்டினால், எழுத்துக்கு அப்பால் தங்களிடம் இரகசிய வாய்மொழிப் பாரம்பரியம் இருக்கிறது என்றார்கள். ஐரேனியஸ் அதற்குப் பதிலாக வெளிப்படையான பாரம்பரியத்தை முன்வைத்தார்: அப்போஸ்தலர் நிறுவிய சபைகளில் ஆயர் வரிசை எல்லாருக்கும் தெரியும், அங்கெல்லாம் ஒரே விசுவாசச் சுருக்கம் போதிக்கப்படுகிறது, இரகசியம் என்று ஒன்று இருந்திருந்தால் அப்போஸ்தலர் அதை இந்த ஆயர்களுக்கல்லவா ஒப்படைத்திருப்பார்கள்? வலுவான வாதம் இது. அந்தச் சுருக்கத்தில் வேதத்தில் இல்லாத புதிய சங்கதி ஒன்றும் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரே தேவன், படைப்பு, மாம்சமான குமாரன், பாடு, உயிர்த்தெழுதல், வருகை, நியாயத்தீர்ப்பு: இவ்வளவுதான். பாரம்பரியம் அங்கே வேதத்தை வாசிக்கும் முறையாக நின்றது.

அதே ஐரேனியஸிடம் பாரம்பரியத்தின் பலவீனமும் இருக்கிறது. இயேசு ஐம்பது வயதை நெருங்கும்வரை போதித்தார் என்று எழுதி, ஆசியாவில் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில்) யோவானோடு பழகிய மூப்பர்களே இதற்குச் சாட்சி என்கிறார். அப்போஸ்தலரிடமிருந்து ஒரே தலைமுறை தள்ளி, பெயர் பெற்ற சாட்சிகளோடு வந்த செய்தி. ஆனாலும் பின்னர் எந்தச் சபையும் இதை ஏற்கவில்லை. பஸ்கா தேதியும் அப்படித்தான். சுமார் 155-இல் அப்பகுதியின் ஸ்மிர்னா நகர ஆயர் பாலிகார்ப் ரோமுக்கு வந்து அங்குள்ள ஆயர் அனிசேத்தஸைச் சந்தித்தார். யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14-ஆம் நாளில் பஸ்கா கொண்டாடுவது யோவானிடமிருந்து பெற்ற வழக்கம் என்றார் பாலிகார்ப். தமக்கு முந்திய மூப்பர்களின் வழக்கத்தைத் தாம் விட முடியாது என்றார் அனிசேத்தஸ். இரண்டும் பழைமையான பாரம்பரியம். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. இருவரும் இணங்காமலேயே ஒன்றாக நற்கருணையில் பங்கு கொண்டு சமாதானமாகப் பிரிந்தார்கள். சுமார் 190-இல் ரோம ஆயர் விக்டர் ஆசியச் சபைகளை ஐக்கியத்திலிருந்து நீக்க முற்பட்டபோது அவரைக் கடிந்து எழுதியவரும் ஐரேனியஸே. "ஆதியிலிருந்தே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், எந்த ஊரில், எந்த ஆண்டில், யாருடைய எழுத்தில் என்று கேட்பது அவமரியாதை ஆகாது என்பதற்கு இந்த இரண்டு உதாரணங்களும் போதும்.

செசரியாவின் ஆயர் பேசில் சுமார் 375-இல் பரிசுத்த ஆவியைப் பற்றி எழுதிய நூலின் 27-ஆம் அதிகாரம் பாரம்பரியத் தரப்பின் முக்கிய ஆவணம். எழுதப்பட்டவையும் எழுதப்படாதவையும் பக்திக்கு ஒரே வலிமை உடையவை என்கிறார். அவர் தரும் உதாரணங்கள்: சிலுவை அடையாளம், கிழக்கு நோக்கி ஜெபிப்பது, நற்கருணையில் ஆவியை அழைக்கும் சொற்கள், ஞானஸ்நானத்தில் மும்முறை மூழ்குவது. இவை அனேகமாக ஆராதனை முறைகள். அவற்றை அவர் துணைக்கு அழைப்பது பரிசுத்த ஆவியின் தெய்வத்துவத்துக்காக. அந்த உபதேசத்துக்கு நூல் நெடுக வேத வாக்கியங்களையும் தருகிறார். வேதத்தில் தடமே இல்லாத ஒரு உபதேசத்தைப் பாரம்பரியத்தால் மட்டும் நிறுவ இந்த அதிகாரம் போதாது என்பது என் கணிப்பு. ஆனால் ஆராதனையே உபதேசத்தின் சாட்சி என்ற அவருடைய அடிப்படையைப் புரொட்டஸ்டண்டுகள் இன்னும் பொறுமையோடு கேட்க வேண்டும்.

இனி, இரு தரப்பும் உண்மையில் எதைச் சொல்கின்றன என்பதற்கு வருகிறேன். இங்கேதான் அதிகமான தவறுகள் நடக்கின்றன.

"வேதம் மட்டுமே" என்பதற்குச் சீர்திருத்தச் சபைகள் எழுதிவைத்த பொருள் பலர் நினைப்பதைவிடக் குறுகியது. ஆங்கிலிக்கச் சபையின் 39 பிரமாணங்களில் (1571) 6-ஆவது, இரட்சிப்புக்குத் தேவையான எல்லாம் வேதத்தில் இருக்கிறது, அதில் வாசிக்கவோ அதனால் நிரூபிக்கவோ முடியாத எதையும் விசுவாசப் பிரமாணமாக எவர்மீதும் சுமத்தக் கூடாது என்கிறது. சகல உண்மையும் வேதத்தில் இருப்பதாக அது சொல்லவில்லை. 8-ஆவது பிரமாணம் மூன்று பழைய விசுவாசப் பிரமாணங்களையும் (அப்போஸ்தலர், நிசேயா, அதனாசியஸ் பிரமாணங்கள்) ஏற்கச் சொல்கிறது. காரணம், அவற்றை வேதத்தால் நிரூபிக்க முடியும். 20-ஆவது, சடங்குகளை ஏற்படுத்தும் அதிகாரத்தைச் சபைக்குத் தருகிறது. 34-ஆவது, பாரம்பரியங்கள் எங்கும் ஒரே மாதிரி இருக்கத் தேவையில்லை என்கிறது. பிரெஸ்பிட்டேரியன் சபைகள் ஏற்கும் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை (1646) முதல் அதிகாரத்தின் 6-ஆம் பிரிவில், வேதத்தில் நேரடியாகச் சொல்லப்பட்டதோடு அதிலிருந்து அவசியமாகப் பின்தொடரும் முடிவுகளும் வேதத்தின் ஆலோசனையே என்கிறது. லுத்தரனியரின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) முதல் பிரிவையே நிசேயாவின் தீர்மானத்தோடு தொடங்குகிறது. இவர்கள் யாரும் பாரம்பரியத்தைக் குப்பையில் போடவில்லை. அதைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார்கள். நீதிபதியின் இருக்கையை மட்டும் கொடுக்க மறுத்தார்கள்.

கத்தோலிக்க நிலையும் எதிரிகள் சொல்வதைவிடக் கட்டுப்பாடானது. சீர்திருத்தத்துக்குப் பதில் தரக் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று வெளியிட்ட தீர்மானம், கிறிஸ்துவிடமிருந்தோ பரிசுத்த ஆவியின் ஏவுதலாலோ அப்போஸ்தலர் பெற்று, இடைவிடாத தொடர்ச்சியாகக் காக்கப்பட்ட பாரம்பரியங்களை வேதத்துக்குச் சமமான பக்தியோடு ஏற்கிறது. ஒவ்வொரு வழக்கத்தையும் அது ஏற்கவில்லை. வரைவில், வெளிப்படுத்தப்பட்ட சத்தியம் ஒரு பகுதி எழுத்திலும் ஒரு பகுதி எழுதப்படாத பாரம்பரியத்திலும் இருக்கிறது என்று இருந்தது. இறுதி வடிவில் அந்தப் பங்கீடு எடுக்கப்பட்டு, "எழுத்திலும் பாரம்பரியத்திலும்" என்று மட்டும் நின்றது. எனவே சத்தியம் முழுவதும் ஏதோ ஒரு வகையில் வேதத்தில் இருக்கிறது, பாரம்பரியம் அதை விளக்குகிறது என்று நம்பக் கத்தோலிக்கருக்கு இடமுண்டு. கத்தோலிக்க இறையியலாளர்கள் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கோட்பாட்டை 1965 நவம்பர் 18 அன்று 2,344 வாக்குகளால் ஏற்றது, எதிர்த்தவை 6. அதன் 9-ஆம் எண், திருச்சபை தன் உறுதியை வேதத்திலிருந்து மட்டும் பெறுவதில்லை என்கிறது. 10-ஆம் எண், திருச்சபையின் ஆசிரியம் (திருத்தந்தையும் ஆயர்களும் போதிக்கும் அதிகாரம்) இறைவார்த்தைக்கு மேலானது அல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்கிறது.

அப்படியானால் சண்டை எங்கே? "ஊழியம் செய்கிறேன்" என்று ஆசிரியம் சொல்வதைச் சோதித்துப் பார்க்க யாருக்கு உரிமை உண்டு என்பதில்தான். இதற்குச் சரியான உதாரணம் 1950 நவம்பர் 1. அன்று திருத்தந்தை 12-ஆம் பயஸ், மரியாள் ஆத்தும சரீரத்தோடு விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதை எல்லாரும் விசுவசிக்க வேண்டிய சத்தியமாக அறிவித்தார். வேதத்தில் இதைச் சொல்லும் வாக்கியம் இல்லை. சுமார் 377-இல் சைப்ரஸின் ஆயர் எப்பிபானியஸ், மரியாளின் முடிவைப் பற்றி வேதம் மௌனமாக இருக்கிறது, அவர் இறந்தாரா இல்லையா என்று தாம் சொல்லத் துணியவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படியிருந்தும் அறிவிப்புக்கு வழி இருந்தது: பல நூற்றாண்டுகளாகக் கிழக்கிலும் மேற்கிலும் கொண்டாடப்பட்ட திருநாள், இறையியலாளர்களின் வாதங்கள், 1946-இல் உலக ஆயர்களிடம் கருத்துக் கேட்டு வந்த ஏறத்தாழ ஒருமித்த பதில். ஆவியானவர் திருச்சபை முழுவதையும் விசுவாசத்தில் தவறவிடமாட்டார் என்றால் இந்த ஒருமிப்பே சாட்சி என்பது கத்தோலிக்க வாதம். அது அவமதிக்கத்தக்க வாதம் அல்ல. ஆனால் அப்போஸ்தல காலத்துச் சாட்சி இல்லாத ஒன்றைப் பிற்கால ஒருமிப்பு மனச்சாட்சிமேல் கட்டாயமாக்கலாமா? முடியாது என்றே நான் கருதுகிறேன். எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கலாம் என்று நம்புவது ஒருவருடைய பக்தி. அதை மறுப்பவர் விசுவாசத்திலிருந்து விழுந்தவர் என்பது வேறு வகையான கோரிக்கை. அதற்கு வேறு வகையான ஆதாரம் வேண்டும்.

பாரம்பரியத்தை ஏற்றுவிட்டால் தகராறு ஓய்ந்துவிடும் என்பதும் சரியல்ல. ரோமும் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளும் பிதாக்களையும் முதல் ஏழு பொதுச்சங்கங்களையும் பொதுவாக வைத்திருக்கின்றன. ஆவியானவர் பிதாவிடமிருந்து புறப்படுகிறார் என்ற விசுவாசப் பிரமாணத்தில் மேற்கில் "குமாரனிடமிருந்தும்" என்று சேர்க்கப்பட்டது. 1014-இல் அது ரோமின் ஆராதனைக்குள்ளும் வந்தது. கிழக்கு இன்றுவரை அதை ஏற்கவில்லை. கன்னி மரியாளின் அமலோற்பவத்தை (அவர் ஜென்மப் பாவமின்றிக் கருவானார் என்பதை) 1854-இல் ரோம் சத்தியமாக அறிவித்தது. கிழக்கு அதையும் ஏற்கவில்லை. மேற்கிலேயே பெரிய இறையியலாளரான தாமஸ் அக்வினாஸ் அதை ஏற்காதவர். லுத்தரனிய இறையியலாளர்கள் 1573 முதல் 1581 வரை கான்ஸ்டான்டினோப்பிள் பிதாப்பிதா இரண்டாம் எரேமியாவோடு நடத்திய கடிதப் போக்குவரத்தை ரோம எதிர்ப்பாளர்கள் படிக்க வேண்டும். ஆக்ஸ்பர்க் அறிக்கையைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்து அனுப்பினார்கள். ரோமுக்குக் கீழ்ப்படியாத பழைமையான சபை தங்களோடு நிற்கும் என்று எதிர்பார்த்தார்கள். மூன்று பதில்களுக்குப் பின், இனி உபதேசம் பற்றி எழுத வேண்டாம், நட்புக்காக மட்டும் எழுதுங்கள் என்று பிதாப்பிதா முடித்துக்கொண்டார்.

மறுபுறம், வேதத்தை மட்டும் ஏற்றுவிட்டால் தகராறு ஓயுமா? 1529-இல் மார்பர்க்கில் சீர்திருத்தத் தலைவர்களான லுத்தரும் ஸ்விங்லியும் 15 பொருள்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். திருவிருந்தில் கிறிஸ்துவின் சரீரம் எப்படி இருக்கிறது என்ற ஒன்றில் பிரிந்தார்கள். இருவர் கையிலும் ஒரே வசனம்தான் இருந்தது. வேதம் மௌனமாக இருக்கும் இடத்தில் என்ன செய்வது என்பதிலும் அவர்கள் வேறுபட்டார்கள்: தடுக்கப்படாதது இருக்கலாம் என்றது லுத்தரனிய வழி, ஆராதனையில் கட்டளையிடப்படாததை நீக்க வேண்டும் என்றது ஸ்விங்லியின் வழி. அந்த விதியை எந்த வசனமும் நேரடியாகத் தரவில்லை. 1605-இல் போலந்தின் ராக்கோவில் வெளியான சோசினியரின் உபதேச நூல் வேதத்தை மட்டுமே ஆதாரமாகக் கொண்டு திரித்துவத்தை மறுத்தது. 434-இல் லெரின்ஸ் மடத்துத் துறவி வின்சென்ட் இதைத்தான் முன்கூட்டியே சொன்னார்: வேதம் தன்னளவில் போதுமானதுதான், ஆனால் நோவாசியன் ஒருவிதமாகவும் சபெல்லியஸ் இன்னொருவிதமாகவும் ஆரியஸ் வேறுவிதமாகவும் அதற்குப் பொருள் சொல்கிறார்கள், எனவே எங்கும், எப்போதும், எல்லாராலும் நம்பப்பட்டதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவருடைய அளவுகோலைக் கண்டிப்பாகப் பயன்படுத்தினால் மிகச் சில உபதேசங்களே தேறும் என்பது உண்மை. அந்தச் சில உபதேசங்கள்தான் அஸ்திபாரம் என்பதும் உண்மை.

எந்த நூல்கள் வேதம் என்பது எப்படித் தெரியும் என்ற கேள்வி கத்தோலிக்கரின் மிக வலுவான கேள்வி. புதிய ஏற்பாட்டின் 27 நூல்களை மட்டும் சரியாகப் பட்டியலிடும் நமக்குக் கிடைத்த முதல் ஆவணம் 367-இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அதனாசியஸ் எழுதிய பஸ்கா கடிதம். அதற்கு முன் எபிரெயர், யாக்கோபு, 2 பேதுரு, யூதா போன்றவை பற்றிச் சபைகளில் ஐயம் இருந்தது. நூல் பட்டியல் எந்த வேத நூலிலும் இல்லை என்பதைப் புரொட்டஸ்டண்டுகள் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பட்டியல் சபையின் சாட்சியாக வந்தது. ஆனால் "சபை தீர்மானித்தது" என்று சொல்பவர் எந்தச் சபை, எந்த ஆண்டு என்று சொல்ல வேண்டும். அதனாசியஸின் அதே கடிதத்தில் பழைய ஏற்பாட்டுப் பட்டியலில் எஸ்தர் இல்லை. எரேமியாவோடு பாருக்கு என்னும் நூல் இருக்கிறது. இன்றைய புரொட்டஸ்டண்டுகளின் 66 நூல் பட்டியலோடும் கத்தோலிக்கரின் 73 நூல் பட்டியலோடும் அது பொருந்தாது. 397-இல் கார்த்தேஜ் சங்கம், தோபித்து, மக்கபேயர் போன்ற நூல்களும் அடங்கிய பரந்த பட்டியலை ஏற்றது. அதே காலத்தில் வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் யூதரின் எபிரெயப் பட்டியலோடு நின்றார். லுத்தரை விசாரித்த கர்தினால் கயேத்தான் கூட 1532-இல் ஜெரோமின் பக்கமே நின்றார். 1442-இல் புளோரன்ஸ் சங்கம் பட்டியலைச் சொன்னது. ஏற்காதவருக்குச் சாபத்தீர்ப்போடு அதைக் கட்டாயமாக்கியது 1546-இல் திரெந்து. எத்தியோப்பிய சபை 81 என்று எண்ணுகிறது. ஒரு நூலைச் சபை அடையாளம் கண்டது என்பதால் அந்த நூலின் அதிகாரம் சபையிடமிருந்து வந்ததாகாது. ஆனால் அடையாளம் கண்ட கண்களை நம்பாமல் அந்த நூலைக் கையில் வைத்திருப்பதும் முடியாத காரியம்.

நடைமுறைக்கு வருகிறேன். ஏதாவது ஒரு பொருளில் வாதம் வந்தால், கோரிக்கையை முதலில் ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். இது இரட்சிப்புக்கு நம்பியே ஆக வேண்டியதா, ஒரு வேதபகுதிக்கான சரியான பொருளா, சபை வைத்துக்கொள்ளத் தகுந்த ஒரு வழக்கமா? மூன்றுக்கும் வேண்டிய ஆதாரத்தின் அளவு வேறு. மெழுகுவர்த்தி, அங்கி, திருநாள் தேதி போன்றவை மூன்றாவது வகை. இவற்றில் "வேதத்தில் எங்கே?" என்று கேட்பது தேவையற்றது, "பாரம்பரியம்" என்று சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் தேவையற்றது. பிறகு வசனத்தை அதன் அதிகாரம் முழுவதோடு படிக்க வேண்டும். அதன்பின், கிடைக்கும் மிகப் பழைய சாட்சியை ஆண்டோடு எழுத வேண்டும். எதிர்ச்சாட்சி இருந்தால் அதையும் பக்கத்தில் எழுத வேண்டும். ஆண்டு போடாத பாரம்பரியத்தால் வந்த கேடு கொஞ்சமல்ல. கான்ஸ்டன்டைன் மேற்குலக ஆட்சியைத் திருத்தந்தைக்குக் கொடுத்ததாகச் சொன்ன ஆவணம் பல நூற்றாண்டுகள் நம்பப்பட்டது. 1440-இல் இத்தாலிய அறிஞர் லொரென்சோ வல்லா அது போலி என்று காட்டினார்.

குழந்தை ஞானஸ்நானத்தை இப்படி வைத்துப் பாருங்கள். நேரடிக் கட்டளையும் இல்லை, நேரடித் தடையும் இல்லை. வீட்டார் அனைவரும் ஞானஸ்நானம் பெற்றதாக அப்போஸ்தலர் 16:15, 16:33, 1 கொரிந்தியர் 1:16 சொல்கின்றன. வீட்டில் குழந்தைகள் இருந்தார்களா என்று சொல்லவில்லை. சுமார் 200-இல் தெர்த்துல்லியன் குழந்தைகளுக்குத் தாமதிப்பது நல்லது என்று எழுதுகிறார். அப்படியானால் அப்போதே வழக்கம் இருந்திருக்கிறது. அவர் அதை விவேகமற்றது என்கிறாரே தவிர, புதிது என்று சொல்லவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகென் இதை அப்போஸ்தலரிடமிருந்து வந்த வழக்கம் என்கிறார். 200-க்கு முன் எந்தப் பக்கமும் தெளிவான சாட்சி இல்லை. எனவே 1525-இல் சூரிச்சில் குழந்தை ஞானஸ்நானத்தைக் காத்த ஸ்விங்லியின் வாரிசுகள், தாங்களும் இங்கே பாரம்பரியத்தின் சாட்சியைத் துணைக்கு எடுத்திருக்கிறோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதை மறுப்பவர்களோ, புதுமை என்று யாரும் கூச்சலிடாமல் இது எப்படிப் பரவியது என்பதற்கு விளக்கம் தர வேண்டும்.

இதற்கு நேர்மாறானது 1415 ஜூன் 15. கிறிஸ்து அப்பத்தையும் பாத்திரத்தையும் சேர்த்தே ஏற்படுத்தினார் என்பதை ஒப்புக்கொண்டே, பொதுநிலையினருக்கு அப்பம் மட்டும் என்ற வழக்கத்தைச் சட்டமாக்கியது கான்ஸ்டன்ஸ் பொதுச்சங்கம். ஒவ்வொன்றிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது அதற்கான இறையியல் காரணம். "நீங்கள் எல்லாரும் இதிலே பானம்பண்ணுங்கள்" என்ற மத்தேயு 26:27 எதிரே நிற்கும்போது அந்தக் காரணம் போதவில்லை. மாற்கு 7-இன் அளவுகோல் பொருந்தும் இடம் இது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் திருவழிபாட்டு ஆவணத்தில் பாத்திரத்தைச் சில சந்தர்ப்பங்களுக்குத் திரும்பத் திறந்துவிட்டது.

மிக அதிகமாகக் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. "எங்களிடம் பாரம்பரியமே இல்லை, வேதம் மட்டும்தான்" என்று சொல்லும் கூட்டங்களிலும் பாரம்பரியம் இருக்கிறது. பெயர் மட்டும் இல்லை. பிரசங்கத்தின் முடிவில் தீர்மானம் எடுத்தவர்களை முன்னே வரச் சொல்லும் முறை 19-ஆம் நூற்றாண்டு எழுப்புதல் கூட்டங்களில் பரவியது. சபை இரகசியமாக எடுத்துக்கொள்ளப்பட்டபின் ஏழு ஆண்டு உபத்திரவம் என்ற கால அட்டவணை 1830-களில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையிலிருந்து வளர்ந்து, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு குறிப்பு வேதாகமத்தின் ஓரக்குறிப்புகள் வழியே பரவியது. இவை சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் ஓரக்குறிப்பையும் வசனத்தையும் பிரித்தறியாமல் வளர்ந்த விசுவாசி, தன் பாரம்பரியத்தைச் சோதிக்கவே முடியாத நிலையில் இருக்கிறார். வேதத்துக்கு இறுதி அதிகாரம் உண்டு என்று உளமார நம்புகிற எனக்கு இதுவே மிகுந்த வேதனை தருகிறது. கடைசியில் அங்கே இறுதி அதிகாரம் மேடையில் நிற்கும் போதகருடைய குரலுக்குப் போய்விடுகிறது. அவரைக் கேள்வி கேட்கப் பழைய விசுவாசப் பிரமாணமும் இல்லை, சங்கமும் இல்லை.

உங்கள் வாசகர்களில் வேத ஆராய்ச்சிக் குழு நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான்கு சிறிய ஆவணங்களைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்: திரெந்தின் 1546 தீர்மானம், இறைவெளிப்பாடு பற்றிய 1965 கோட்பாட்டின் 7 முதல் 10 வரையான எண்கள், வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் முதல் அதிகாரத்தில் உள்ள பத்துப் பிரிவுகள், பேசிலின் 27-ஆம் அதிகாரம். ஒரு அமர்வுக்கு ஒன்று என்று வாசியுங்கள். கத்தோலிக்க நண்பர் வெஸ்ட்மின்ஸ்டரை உரக்க வாசித்து அதன் வாதத்தைத் தம் சொற்களில் விளக்கட்டும்; புரொட்டஸ்டண்ட் நண்பர் 1965 ஆவணத்தை அப்படியே விளக்கட்டும். எதிர்த்தரப்பார் "ஆம், நாங்கள் சொல்வது இதுதான்" என்று ஒப்பும்வரை மறுப்புக்குப் போகாதீர்கள். அதன்பின் இருவர் முன்னும் ஒரே கேள்வியை வையுங்கள்: உங்கள் சபை ஒரு உபதேசத்தில் தவறிவிட்டது என்றால், அதை எதைக் கொண்டு, யார் எடுத்துக்காட்ட முடியும்? பதிலை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வாங்குங்கள். அடுத்த அமர்வில் அந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள்.

இப்படிக்கு,
திருச்சபை வரலாற்றில் ஈடுபாடுள்ள வாசகர்